கருப்பை அறுவை: முடிவு யாருடையது?

(பொருளாதார மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

மக்கள் நல்வாழ்வைப் பற்றிப் பேசும்போது மருத்துவமனைகள் எத்தனை, படுக்கைகள் எத்தனை, மருத்துவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குகளே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. மருத்துவரைக் கண்டு திரும்பிய ஒருவர், தமக்கு நேர்ந்திருப்பது இன்னதென்று விளங்கிக்கொண்டு திரும்பினாரா என்பது எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் சில நோய்களில் சிகிச்சையின் நன்மையும் தீமையும் அந்த ஒரு கேள்வியையே சார்ந்துள்ளன. கருப்பையில் தோன்றும் தசைநார்க் கட்டி அத்தகைய நோய்களுள் ஒன்று. மக்கள் இதனைக் கர்ப்பப்பைக் கட்டி என்றும் ஃபைப்ராய்டு என்றும் வழங்குகின்றனர்.

நோயின் இயல்பு

இக்கட்டிகள் கருப்பையின் தசையிலிருந்து வளர்பவை, புற்றுநோய் அல்ல. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, 50 வயதுக்குள் வெள்ளை இனப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டிகள் தோன்றிவிடுவதாக மதிப்பிட்டது. இவ்வளவு பரவலாக இருந்தும் பெரும்பாலோருக்கு அவற்றால் தொல்லை இல்லை. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போதுதான் கட்டி இருப்பதே தெரிய வருகிறது. மாதவிடாய் நின்றபின் பொதுவாக அவை சுருங்குகின்றன.

தொல்லை தரும் கட்டிகள் மட்டுமே சிகிச்சையைக் கோருகின்றன. கருப்பையின் உட்புறத்தில் புடைத்திருக்கும் சிறு கட்டி மிகுந்த இரத்தப்போக்கை உண்டாக்கலாம்; வெளிப்புறத்தில் வளர்ந்த பெரிய கட்டி இரத்தப்போக்கே இல்லாமல் சிறுநீர்ப்பையை மட்டும் அழுத்தலாம். எனவே கட்டியின் அளவைக் காட்டிலும் அதன் இடமும், அதனால் அப்பெண் படும் துன்பமும், அவரது வயதும், குழந்தைப்பேறு பற்றிய விருப்பமும் முக்கியமானவை. வழிகளும் பல. காத்திருந்து கவனிக்கலாம், இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு, ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பைச் சாதனம் உண்டு, கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கும் ஊசிகள் உண்டு, கருப்பையை விட்டுவைத்துக் கட்டியை மட்டும் அகற்றலாம், கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை அடைக்கலாம், இறுதியாகக் கருப்பையையே அகற்றலாம். இவற்றுள் எதுவும் எல்லாருக்கும் உரியதன்று. ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள இடத்தில், நோயாளியின் விருப்பமும் மருத்துவத்தின் ஒரு கூறாகிவிடுகிறது.

ஓர் ஊழியரின் அனுபவம்

இது நடைமுறையில் எவ்வாறு அமைகிறது என்பதை விளக்க ஓர் எடுத்துக்காட்டு உதவும். இது தனி ஒருவரின் வரலாறு அன்று; பலருக்கும் நேர்வது ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது.

மகாராட்டிர மாநில நகரொன்றில் மத்திய அரசு அலுவலகத்தில் பணியாற்றும் எழுத்தர் ஒருவர், வயது 43, இரு குழந்தைகளின் தாய். மாதந்தோறும் ஐந்து நாள் இருந்த இரத்தப்போக்கு பத்து நாளாக நீண்டது. அந்நாட்களில் அவர் கருநிறச் சேலையே உடுத்தினார். நாற்காலியில் துணி விரித்து அமர்ந்தார். கூட்டங்களில் கதவருகே இடம் தேடினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அரைநாள் விடுப்புகள் பெருகின; காரணம் எழுத வேண்டிய இடத்தில் ‘உடல்நலக் குறைவு’ என்று மட்டும் எழுதினார்.

முதலில் கண்ட மருத்துவர் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இது எல்லாருக்கும் உள்ளதுதான் என்று கூறி மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரத்தசோகை உள்ளதா என்று பரிசோதிக்கவில்லை. எட்டு மாதங்கள் கழிந்தன.

இரண்டாமவர் தனியார் மருத்துவமனையைச் சேர்ந்தவர். அவர் பேசியது உடன்வந்த கணவரிடம். குழந்தைகள் இருவர் இருக்கும்போது இனிக் கருப்பை எதற்கு, விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறலாம், வியாழக்கிழமை அறுவை அரங்கு காலியாக உள்ளது என்றார். சினைப்பைகளையும் கையோடு எடுத்துவிடுவது நல்லது என்றார். இம்முழு ஆலோசனையும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாமவர் பெரிய மருத்துவமனையின் நிபுணர். அறுவையே வேண்டாம், மாதவிடாய் நின்றால் கட்டி சுருங்கிவிடும் என்றார். அதுவரை எத்தனை ஆண்டுகள் என்பதற்கு விடையில்லை. இரத்தக் குழாய்களை அடைக்கும் முறையைப் பற்றி அப்பெண் கேட்டபோது, படித்துவிட்டு வந்து மருத்துவருக்கே பாடம் சொல்வதா என்ற கடிந்துரைதான் கிடைத்தது.

மூவரும் தகுதி பெற்றவர்கள். மூவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. இரண்டாமவர் காட்டிய புற்றுநோய் அச்சம் மட்டும் மிகைப்பட்டது. இத்தகைய கட்டியாகத் தோன்றும் ஒன்று புற்றாக இருப்பது மிக அரிது. ஆயினும் மூன்று ஆலோசனைகளுக்குப் பின்னும் அவர் கையில் இருந்தவை மூன்று ஸ்கேன் அறிக்கைகளும் ஒன்றோடொன்று முரண்பட்ட மூன்று கட்டளைகளும் மட்டுமே. முடிவெடுக்கத் தேவையான செய்தி எவரிடமிருந்தும் வரவில்லை.

தகவல் எனும் அரிய பண்டம்

இதனைத் தனிப்பட்ட மருத்துவர்களின் குணக்கேடு என்று கருதிவிடுவது எளிது, ஆனால் போதாது. கென்னத் ஆரோ 1963-ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மருத்துவம் பிற பண்டங்களைப் போன்றதன்று என்பதைக் காட்டினார். வாங்குபவருக்குத் தமக்கு எது தேவை என்பது தெரியாது. அதை அறிந்தவர் விற்பவரே. தேவையைச் சொல்பவரும் அதை நிறைவேற்றி ஊதியம் பெறுபவரும் ஒருவராகவே இருக்கும்போது, நம்பிக்கை ஒன்றுதான் நோயாளிக்குக் காப்பு. அந்த நம்பிக்கைக்கு அடித்தளமாக அமைவது விளக்கம். விளக்கத்துக்குத் தேவைப்படுவது நேரம்.

இந்நாட்டில் மிக அரிதாகக் கிடைக்கும் மருத்துவப் பண்டம் அந்த நேரமே. 67 நாடுகளின் தொடக்கநிலை மருத்துவ ஆலோசனைகளைப் பற்றி 2017-இல் வெளியான தொகுப்பாய்வில், ஓர் ஆலோசனையின் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடிகளாகவும் சுவீடனில் 22.5 நிமிடங்களாகவும் காணப்பட்டது. இந்தியாவின் நிலை இரண்டு நிமிடங்களை ஒட்டியது. காலை முழுதும் நீண்ட வரிசையைப் பார்த்து முடிக்க வேண்டிய அரசு மருத்துவரும் இந்தப் பற்றாக்குறைக்கு ஆளானவரே. தனியார் துறையில் அறுவைக்குக் கட்டணம் உண்டு. அறுவை தேவையா என்று அரைமணி நேரம் பேசுவதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. ஊதியம் எப்பக்கம் உள்ளதோ அப்பக்கமே வழங்கலும் சாய்கிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தை ஆராய்ந்த ஜான் வென்பர்க், 70 வயதுக்குள் கருப்பை அகற்றப்படும் வாய்ப்பு ஒரு மருத்துவமனை வட்டாரத்தில் 20 சதவீதமாகவும் மற்றொன்றில் 70 சதவீதமாகவும் இருந்ததை 1984-இல் சுட்டிக்காட்டினார். ஒரே மாநிலப் பெண்களின் உடலமைப்பு இவ்வளவு வேறுபட முடியாது. வேறுபட்டது மருத்துவர்களின் பழக்கமே.

இதற்கு மாற்று மருந்து உண்டு என்பதற்கும் சான்று உள்ளது. சுவிட்சர்லாந்தின் தீச்சீனோ மாநிலத்தில் 1984-இல் நாளிதழ்களும் வானொலியும் தொலைக்காட்சியும் வாயிலாகக் கருப்பை அறுவையைப் பற்றிய செய்திகள் பொதுமக்களுக்கு விளக்கப்பட்டன. அதன்பின் அங்கு ஆண்டுக்கு நிகழும் கருப்பை அறுவைகளின் வீதம் ஏறத்தாழ 26 சதவீதம் குறைந்தது. அத்தகைய இயக்கம் நடைபெறாத பெர்ன் மாநிலத்தில் அவ்வாறு குறையவில்லை. புதிய சட்டமோ புதிய கருவியோ இன்றி, செய்தி ஒன்றே இம்மாற்றத்தை விளைவித்தது.

நாட்டின் அனுபவம்

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16-ஆம் ஆண்டுச் சுற்றில்தான் கருப்பை அகற்றம் பற்றிய கேள்விகளை முதன்முதலாகச் சேர்த்தது. 2019-21-ஆம் ஆண்டுச் சுற்றின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 3.3 சதவீதத்தினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திரப் பிரதேசத்திலும் தெலுங்கானாவிலும் இது 8 சதவீதத்தைத் தாண்டியது. இவ்வறுவைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நிகழ்ந்தவை.

2008-இல் தொடங்கப்பட்ட தேசியச் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்றது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் 2012-ஐ ஒட்டிப் பீகாரிலும் சத்தீசுகரிலும் தேவையற்ற கருப்பை அறுவைகள் நிகழ்ந்ததாக எழுந்த புகார்கள், பணம் மட்டும் வந்து விளக்கம் வராதபோது என்ன நேரும் என்பதைக் காட்டின.

மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்து அனுபவம் இன்னும் கசப்பானது. அங்கிருந்து கரும்பு வெட்டச் செல்வோர் கணவன் மனைவி இணையாகவே ஒப்பந்தம் செய்யப்படுகின்றனர். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் செலுத்த வேண்டும். வயற்புறக் குடில்களில் நீரும் கழிப்பிடமும் இல்லை. இந்நிலையில் மாதவிடாய் என்பதே கூலி இழப்பாகிவிடுகிறது. 2019-இல் மாநில அரசு நீலம் கோர்கே தலைமையில் அமைத்த குழுவின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, ஆய்வு செய்யப்பட்ட 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேர் கருப்பை அகற்றப்பட்டவர்கள், ஆறில் ஒருவர். அவர்களும் ஒப்புதல் தாளில் கைரேகையோ கையொப்பமோ இட்டவர்களே. வேறு வழி இல்லாதவரின் இசைவைத் தேர்வு என்று கூற முடியாது.

சினைப்பைகளும் சேர்ந்து இளவயதில் அகற்றப்பட்டால் மாதவிடாய் நிறுத்தம் உடனே ஏற்படுகிறது. எலும்புத் தேய்மானமும் இதய நோயும் வரும் வாய்ப்பு மிகுகிறது. உடலுழைப்பே முதலாக உள்ளவருக்கு இதன் பொருள் என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சட்டம் கூறுவது

இவ்விடத்தில் சட்டத்தின் நிலை தெளிவானது. 1995-இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் நோயறியும் சோதனைக்கு மட்டும் இசைந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்று, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. சோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்த இசைவாகாது. உயிருக்கு ஆபத்தான அவசரநிலை தவிர, முடிவெடுக்கும் ஆற்றலுள்ள ஒருவருக்காகப் பிறர் இசைவு தர இயலாது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், அபாயங்கள் ஆகியவை முன்னரே விளக்கப்பட வேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம்.  ஆயினும் கணவரின் கையொப்பத்தைக் கேட்கும் வழக்கம் மருத்துவமனைகளில் மறையவில்லை.

மருத்துவர் ஒழுக்க நெறிகள் பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம், மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதையும் உரிமையாகக் கொள்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை 2022-இல் வெளியிட்டது. மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் அந்நெறிகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் எனப் பணித்தது. தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பது அந்நெறிகளின் முக்கியக் கூறு.

முடிவு எடுக்கப்பட்ட விதம்

முன்கூறிய எழுத்தரின் வரலாறு இன்னும் முடியவில்லை. உடன் பணியாற்றும் ஒருவர் சொன்னதன் பேரில், அவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றார். கூட்டம் குறைவில்லை; காத்திருந்தது மூன்று மணி நேரம். ஆனால் அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டது ஸ்கேன் அறிக்கையை அன்று. “உங்களுக்கு எது பெரிய தொல்லை, அம்மா?” என்று கேட்டார். மூன்று ஆண்டுகளில் இக்கேள்வியை எழுப்பிய முதல் மருத்துவர் அவரே.

சோதனையில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு 7.4 கிராம் எனத் தெரிந்தது. 12 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள் என்பது 2019-21 கணக்கெடுப்பின் முடிவு. அந்தப் பெருந்தொகையில் ஒருவராக அவரும் கவனிக்கப்படாமல் இருந்திருக்கிறார். முதலில் இரத்தம், பிறகு முடிவு என்றார் மருத்துவர். நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றப்பட்டது. மாதவிடாயை நிறுத்திவைக்கும் ஊசி மூன்று மாதம் போடப்பட்டது. மூச்சு வாங்குவது நின்றது. துன்பத்தின் நெருக்கடி தணிந்தபின்தான் அவரால் அமைதியாகச் சிந்திக்க முடிந்தது.

வெளிநோயாளர் சீட்டின் பின்புறத்தில் மருத்துவர் கருப்பையின் படத்தை வரைந்து, ஏழு கட்டிகளையும் அவற்றின் இடங்களில் குறித்தார். உட்புறம் விரிந்து கோணியிருப்பதால் ஹார்மோன் சாதனம் நிலைக்காமல் போகக்கூடும். கட்டிகளை மட்டும் அகற்றலாம், ஆனால் பல இருப்பதால் மீண்டும் தோன்றும் வாய்ப்பு உண்டு. இரத்தக் குழாய்களை அடைக்கும் முறை வேறு நகரில் கிடைக்கும். கருப்பையை அகற்றினால் தொல்லை தீரும், ஆனால் அது மீட்க முடியாதது. சினைப்பைகளை விட்டுவைக்கலாம், அப்போதும் மாதவிடாய் நிறுத்தத்தின் விளைவுகள் சற்று முன்னதாக வரக்கூடும் என்று ஒவ்வொன்றின் சாதக பாதகங்களையும் எடுத்துரைத்தார். எதையும் இன்றே கூற வேண்டியதில்லை என்றார்.

அவர் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார். கேள்விகளைத் தாளில் எழுதிச் சென்று மீண்டும் கேட்டார். இறுதியில் கருப்பையை அகற்றிக்கொள்ளவும் சினைப்பைகளை வைத்துக்கொள்ளவும் முடிவு செய்தார். ஒப்புதல் தாளில் அவரே கையொப்பமிட்டார். கணவர் சாட்சியாக மட்டும் கையொப்பமிட்டார். அறுவைக்குப்பின் ஆறு வாரங்கள் கழித்துப் பணிக்குத் திரும்பினார்.

கருப்பையைப் பொறுத்தவரை, இரண்டாம் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் விதித்ததும் இதே அறுவைதான். அப்படியானால் இடைப்பட்ட அலைச்சல் வீண் என்று கூறலாமா? கூறலாகாது. அன்று நடந்திருந்தால் 7.4 கிராம் இரத்தத்தோடு அறுவை மேடைக்குச் சென்றிருப்பார், சினைப்பைகளையும் இழந்திருப்பார், காரணமில்லாத புற்றுநோய் அச்சத்தின் பேரில் இசைந்திருப்பார். பின்னர் எழும் ஒவ்வொரு நோவின்போதும் தாம் ஏமாற்றப்பட்டோமோ என்ற ஐயம் அவரை விட்டிருக்காது. அறுவை ஒன்றாக இருந்தாலும் முடிவு வேறு.

கணக்கில் வராத வேறுபாடு

இங்கே புள்ளிவிவரத்தின் ஒரு குறை புலப்படுகிறது. இந்த எழுத்தரும் பீட் மாவட்டத்துக் கரும்புத் தொழிலாளியும் கணக்கெடுப்பில் ஒரே கட்டத்தில் அடங்குகின்றனர். இருவரும் கருப்பை அகற்றப்பட்டவர்கள். ஒருவர் தேர்ந்தார், மற்றவர் தள்ளப்பட்டார் என்பது அதில் தெரியாது. எண்ணிக்கையைக் குறைப்பதை மட்டும் இலக்காகக் கொண்டால், உண்மையிலேயே அறுவை தேவைப்படும் பெண்ணுக்கு அது மறுக்கப்படும் தீங்கும் நேரலாம். மூன்றாம் மருத்துவர் செய்தது ஏறக்குறைய அதுவே.

ஆகவே நிர்வாகத்தின் கவனம் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், முடிவு எடுக்கப்படும் முறையின்மீதும் விழ வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அந்தந்த மாநில மொழியில், படத்துடன் கூடிய விளக்கத்தாள் ஒன்றை ஒவ்வொரு மகளிர் நோய்ப் பிரிவிலும் வைக்கலாம். அவசரமில்லாத அறுவைகளில், விளக்கம் தந்த நாளுக்கும் ஒப்புதல் பெறும் நாளுக்கும் இடையே சில நாட்கள் கட்டாயமாக்கலாம். காப்பீட்டில் நிகழும் அறுவைக்கு, அறுவை செய்யாத மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெற வகைசெய்யலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் 2018-ஆம் ஆண்டுத் திட்டமும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையே பெரிதும் ஏற்கிறது; ஆலோசனைக்கும், இரும்புச்சத்து ஏற்றுவதற்கும், கருப்பைச் சாதனத்துக்கும் ஈடு வழங்கினால் கத்தியின் பக்கம் சாய்ந்துள்ள தராசு ஓரளவு நிமிரும். பதிவேட்டில் வயது, காரணம் ஆகியவற்றோடு அறுவைக்கு முன் இருந்த ஹீமோகுளோபின் அளவு, கூறப்பட்ட மாற்று வழிகள், சினைப்பைகள் வைக்கப்பட்டனவா என்பவற்றையும் குறித்தால், மாவட்டக் குழுக்களின் ஆய்வு பொருளுடையதாகும். கரும்பு வயலில் நீரும் கழிப்பிடமும் ஊதிய விடுப்பும் அளிப்பதும் இந்நோய்க்கான சிகிச்சையின் ஒரு பகுதியே.

வளர்ச்சி என்பது மக்களுக்குக் கிடைக்கும் தெரிவுகள் பெருகுவது என்று பொருளியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய தெரிவு அவற்றுள் கடைசியானதன்று. அலுவலக மேசைக்கு வரும் கோப்பில் ஓர் ஒப்புதல் தாள் இருந்தால், கையொப்பம் உள்ளதா என்பதை மட்டும் சரிபார்ப்பது வழக்கம். அந்தக் கையொப்பம் இடப்படுவதற்குமுன் எவரேனும் ஒரு படம் வரைந்து காட்டினாரா என்பதையும் சேர்த்துக் கேட்கும் நாளில், அக்கோப்பு தன் கடமையைச் செய்யத் தொடங்கும்.